அட்மிட் ஆகாமல் குடியை நிறுத்த முடியுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. பன்னிரண்டு வருடமாகக் குடிக்கிறேன், அதில் கடைசி ஐந்து வருடம் தினமும். சாயங்காலம் 7 மணிக்கு ஆரம்பித்தால் தூங்குவதற்குள் ஒரு ஆஃப் காலியாகிவிடும், லீவு நாளில் கொஞ்சம் கூடும். போதையில் வேலைக்குப் போனதில்லை. ஆனால் ஆறு மாதமாகக் காலையில் கை நடுங்குகிறது, கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் ஷேவ் செய்ய முடிகிறது. நானாகவே இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால் 70 நாள் தொடாமல் இருந்தேன். போன வருடம் நிறுத்தியபோது இரண்டாம் நாள் பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டேன், சரியாகச் சாப்பிடாததால் இருக்கும். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது என்று மனைவி சொல்கிறாள், எனக்கு எதுவும் நினைவில்லை. அன்று சாயங்காலமே குடித்தேன், நடுக்கம் நின்றுவிட்டது. இப்போது மனைவி ஒரு மாதம் ரீஹேபில், அதாவது குடி மறுவாழ்வு மையத்தில் சேரச் சொல்கிறாள். ஒரு மாதம் காணாமல் போனால் வேலையும் போகும், மானமும் போகும். நண்பர் கொடுத்த தூக்க மாத்திரை பத்து கையில் இருக்கிறது, அதை வைத்து வீட்டிலேயே சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். கட்டாயம் அட்மிட் ஆக வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த வேகத்தில், இருக்கிற பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு நாளையிலிருந்து தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். குடியை நிறுத்தச் சொல்ல வேண்டிய டாக்டரே இப்படிச் சொல்கிறாரே என்று உங்கள் மனைவிக்குக் கோபம் வரலாம். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தப் பாத்ரூம் வரிதான் காரணம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான், அதற்குப் பிறகுதான் வேலை, மானம், ஒரு மாதம் எல்லாம்.

அது பசி மயக்கம் இல்லை என்றே நினைக்கிறேன். சாதாரணமாக மயங்கி விழுகிறவர், படுத்த சில விநாடிகளில் கண் விழித்து என்ன ஆச்சு என்று கேட்டுவிடுவார். மனைவியை உட்கார வைத்து நிதானமாகக் கேளுங்கள், அவரைக் குறை சொல்லாமல், குறுக்கே பேசாமல். கை கால் எவ்வளவு நேரம் இழுத்தது? நாக்கின் ஓரத்தில் கடித்த காயம் இருந்ததா? கண் திறந்த பிறகும் எவ்வளவு நேரம் ஆள் அடையாளம் தெரியாமல் மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தீர்கள்? ஓரிரு நிமிடம் இழுத்தது, வாயில் ரத்தம் வந்தது, அரை மணி நேரம் உங்கள் பெயரே உங்களுக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி அவர் சொன்னால், அது வலிப்புதான், ஃபிட்ஸ் என்கிறோமே அது. குடியை நிறுத்துவதால் வருகிற வலிப்பு பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும். நீங்கள் விழுந்தது இரண்டாம் நாள். அன்று சாயங்காலம் குடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது என்கிறீர்கள், அதுவும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் மேலேயே உங்களுக்கு இருக்கிற கோபம் கொஞ்சம் குறையும். மது மூளையை அமர்த்தும் பொருள். காபா என்கிற அமர்த்தும் ரசாயனத்தோடு அது சேர்ந்துகொள்ளும், குளுட்டமேட் என்கிற தூண்டும் ரசாயனத்தை அடக்கும். வருடக்கணக்கில் தினமும் இப்படி அமர்த்தினால் மூளை சும்மா இருக்காது, எதிர்ப்பக்கம் இழுத்து ஈடுகட்டிக்கொள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால் மறுபக்கத்தார் என்ன ஆவார்கள்? அதுதான் உங்கள் மூளைக்கு நடந்தது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கம் வராமல் புரள்வது, கடைசியில் ஃபிட்ஸ், எல்லாமே அந்த விழுகை. இதில் மனவலிமை எங்கே வருகிறது? எவ்வளவு உறுதியான ஆளாக இருந்தாலும் ஃபிட்ஸைப் பல்லைக் கடித்து நிறுத்த முடியாது.

ஃபிட்ஸோடு முடிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் வருகிறது. நான் பார்த்த ஒருவர் மூன்றாம் நாள் ராத்திரி படுக்கையில் உட்கார்ந்துகொண்டு போர்வையிலிருந்து இல்லாத நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து என்னிடம் நீட்டினார், பிடித்துக்கொள்ளுங்கள் சார், சிக்கிவிடும் என்று. முகமெல்லாம் வியர்வை, நாடி 140க்கு மேல், எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியவில்லை. முந்தின நாள் காலையில் அவர் என்னோடு தெளிவாகப் பேசியவர். சிகிச்சை இல்லாத பழைய காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று சரியான நேரத்தில் சரியான மருந்து கிடைத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. அவரும் ஆறாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். அன்று ராத்திரி அவர் வீட்டில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

இன்னொன்றும் உண்டு. முதல் முறை நிறுத்தியபோது 70 நாள் தாக்குப்பிடித்தேன், அதனால் இப்போதும் முடியும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு தொனி இருக்கிறது. உடல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. குடிப்பது, திடீரென்று நிறுத்துவது, மறுபடி குடிப்பது என்று ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அடுத்த முறை நிறுத்தும்போது வரும் தொந்தரவு கூடிக்கொண்டே போகலாம். கிண்ட்லிங் என்று சொல்வோம், சுள்ளியில் பிடித்த தீ விறகுக்குத் தாவுகிற மாதிரி. உங்கள் கதையே அப்படித்தான் இருக்கிறது, முதல் முறை பெரிய தொந்தரவு எதையும் நீங்கள் எழுதவில்லை, இரண்டாம் முறை பாத்ரூமில் விழுந்திருக்கிறீர்கள். மூன்றாம் முறையை வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குச் சம்மதமில்லை.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அட்மிட் ஆக வேண்டுமா என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் நடக்கிற சண்டையே இதனால்தான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குடியை நிறுத்தும் அந்த முதல் வாரத்தை எங்கே கழிப்பது என்பது ஒன்று. நிறுத்திய பிறகு மறுபடி தொடாமல் இருப்பதற்கு எங்கே, எப்படிப்பட்ட உதவி வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை உங்கள் உடம்பு தீர்மானிக்கும், இரண்டாவதை உங்கள் வாழ்க்கை தீர்மானிக்கும். ஆகவே உங்களுக்கு என் பதில்: முதல் வாரம் கட்டாயம் ஆஸ்பத்திரியில். ஒரு மாத ரீஹேப், இப்போதைக்கு அவசியமில்லை.

முதல் வாரத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு நீங்கள் குடிக்கும் அளவு காரணமில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2011ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தினம் 30 யூனிட்டுக்கு மேல் குடிப்பவரை உள்நோயாளியாக வைத்து நிறுத்துவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால், 30 யூனிட் என்றால் 40 சதவீதச் சரக்கில் கிட்டத்தட்ட முழு 750 மில்லி பாட்டில். உங்களுடையது அதில் பாதி. வெறும் அளவை மட்டும் பார்த்தால், தினமும் டாக்டரோ நர்ஸோ வந்து பார்க்க, பக்கத்தில் குடிக்காத ஒருவர் துணைக்கு இருக்க, வீட்டிலேயே மாத்திரையோடு நிறுத்தலாம், நிறையப் பேர் அப்படி நிறுத்துகிறார்கள். ஆனால் அதே வழிகாட்டுதல், ஏற்கனவே வலிப்போ டெலிரியம் ட்ரெமன்ஸோ வந்தவர் எவ்வளவு குடித்தாலும் அவரை அட்மிட் செய்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. தூக்க மாத்திரைப் பழக்கமும் சேர்ந்து இருப்பவர், தற்கொலை எண்ணம் வருபவர், கர்ப்பிணி, ஈரலோ இதயமோ கெட்டுப்போனவர், வீட்டில் பார்த்துக்கொள்ள யாருமே இல்லாதவர், இவர்களையும் நான் வீட்டில் வைத்து நிறுத்தச் சொல்ல மாட்டேன். நான் ஃபுல் அடிக்கிறவன் இல்லையே, எனக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கடைசியாக நிறுத்தியபோது உடம்பு என்ன செய்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? பயப்படும்படி ஒன்றுமில்லை. டையாசிபாம் அல்லது குளோர்டையாசிபாக்சைடு மாதிரி மாத்திரையை நல்ல அளவில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் குறைத்து, ஐந்து முதல் ஏழு நாளில் நிறுத்துவார்கள். ஈரல் பலவீனமாக இருந்தால் லோரசிபாம். மது விட்ட இடத்தைக் கொஞ்ச நாள் அந்த மருந்து பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கயிற்றைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பார், வியர்வை பார்ப்பார், ஏதாவது சத்தம் கேட்கிறதா, ஏதாவது ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்பார். பைத்தியக்காரனைக் கேட்கிற மாதிரி கேட்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இதில் நீங்கள் வாய் விட்டுக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தயமின், அதாவது வைட்டமின் பி1. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில், சோர்வாக இருக்கிறார் என்று வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கிற கொஞ்சமும் செலவாகி, கண் ஒரு பக்கம் இழுப்பது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று ஒரு மூளைப் பாதிப்பு வரலாம். 1881ல் கார்ல் வெர்னிக்கே விவரித்தது இது, கவனிக்காமல் விட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடும். குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயமின் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். பெரும்பாலான டாக்டர்கள் கேட்காமலேயே போடுவார்கள், ஆனாலும் கேளுங்கள்.

அந்தப் பத்து தூக்க மாத்திரையைத் தயவுசெய்து மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே குடும்பத்து மருந்தாக இருக்கலாம், அப்படியானால் நானே போட்டுக்கொண்டால் என்ன என்று தோன்றும். அளவு குறைந்தால் ஃபிட்ஸைத் தடுக்காது, தாங்க முடியாமல் நடுவில் குடித்துவிட்டு மேலே மாத்திரையும் போட்டால் மூச்சு அடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அளவைத் தன் உடம்பை வைத்துத் தானே கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு மாதம் உள்ளே இருந்தால்தான் குடி விடுமா? ரீஹேப் வீண் என்று சொல்பவர்களும், ரீஹேப் இல்லாமல் யாரும் விட்டதில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், நான் இரண்டையும் நம்புவதில்லை. 1989ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். தொந்தரவு அதிகமில்லாத 164 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினர் வீட்டிலிருந்து தினமும் வந்து போய் நிறுத்தினார்கள், மற்றவர்கள் அட்மிட் ஆகி நிறுத்தினார்கள். முதல் கட்டத்தை முடித்தவர்கள் வெளியே 72 சதவீதம், உள்ளே 95 சதவீதம். உள்ளே இருப்பது ஆரம்பத்தில் கைகொடுக்கிறது என்பது தெளிவு. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்புறம் 1991ல் இன்னொரு ஆய்வு, வேலையில் குடியால் பிரச்சினை வந்த 227 தொழிலாளர்களை வைத்து. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களில் 23 சதவீதம் பேருக்குப் பின்னால் மறுபடி உள்நோயாளி சிகிச்சை தேவைப்பட்டது, வெறும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேருக்குத் தேவைப்பட்டது. ஆகவே கூட்டத்துக்கு மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்பதும் எல்லோருக்கும் போதாது. யார், எந்த நிலையில், பின்னால் எவ்வளவு தொடர்ச்சியாகப் பார்க்கப்படுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

உங்கள் நிலையைப் பார்க்கிறேன். வேலை இருக்கிறது. வீட்டில் குடிக்காத, உங்கள் மேல் அக்கறையுள்ள ஒருவர் இருக்கிறார். வேறு போதை எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. ஒருமுறை 70 நாள் விட்டு இருந்திருக்கிறீர்கள், அது சின்ன விஷயமில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமாக, நீங்கள் இன்னும் முறையான சிகிச்சை ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை, மருந்து, கவுன்சலிங், குழு எதுவும் இல்லாமல் வைராக்கியத்தை மட்டும் வைத்து இரண்டு முறை மோதியிருக்கிறீர்கள். அதனால் ஒரு வாரம் ஆஸ்பத்திரி, வெளியே வந்ததும் முதல் ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது டாக்டரையோ கவுன்சலரையோ பார்ப்பது, ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு நால்ட்ரெக்சோன் அல்லது அகாம்ப்ரோசேட் என்று குடி ஆசையைக் குறைக்கும் ஒரு மருந்து, இதை முதலில் செய்யலாம்.

சாயங்காலம் 7 மணியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் குடிக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. ஐந்து வருடமாக அந்த நேரத்தில், அநேகமாக அதே நாற்காலியில், அதே டம்ளரில். மருந்து உடம்பைச் சரி செய்தாலும் 7 மணி தினமும் வரும். அந்த நேரத்தை வெறுமையாக விட்டால் அது பழைய வேலையைத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே முதல் பதினான்கு சாயங்காலங்களையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள், 6 மணியிலிருந்து 10 மணி வரை எங்கே, யாரோடு என்று. சீக்கிரமே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள், பசியோடு இருக்கும்போது ஆசை கூடும். ஏஏ கூட்டங்கள் நிறைய இடங்களில் சரியாக இந்த நேரத்தில்தான் நடக்கின்றன, அதற்குக் காரணம் இருக்கிறது. ஆசை அலை மாதிரி ஏறும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கும். அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு ஆள், ஒரு போன் நம்பர், ஒரு நடை வேண்டும். தூக்கம் சில வாரங்களுக்குச் சரியாக வராது, அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது ரீஹேபில் சேரச் சொல்வேன்? முதல் ஆறு வாரத்தில் மறுபடி தினசரிக் குடிக்குத் திரும்பிவிட்டால். ஒருநாள் தடுக்கி விழுந்தால் அதற்காக அனுப்ப மாட்டேன், ஆனால் அடுத்த நாளே வந்து சொல்ல வேண்டும், மறைத்தால்தான் ஒருநாள் ஒரு மாதமாகிறது. வீட்டில் இன்னொருவரும் குடித்தால், தனியாக இருந்தால், வெளியே நல்ல சிகிச்சை எடுத்தும் திரும்பத் திரும்பக் கைநழுவினால், கூடவே கடுமையான மன அழுத்தம் இருந்தால், உள்ளே தங்குவது நல்லது, அது தண்டனை இல்லை. அப்படிச் சேரும் இடத்தை மனைவி நேரில் போய்ப் பார்க்கட்டும். ராத்திரியில் டாக்டரோ நர்ஸோ இருக்கிறார்களா, சேர்ப்பதற்கு முன்னால் ஃபிட்ஸ் வந்ததுண்டா என்று அவர்களாகவே கேட்கிறார்களா, குடும்பத்தோடு பேச விடுகிறார்களா, வெளியே வந்த பிறகு தொடர்ந்து பார்ப்பார்களா? நூற்றுக்கு நூறு குணம் என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம். அடித்தால்தான் திருந்துவான் என்று நினைக்கும் இடம் என்றால் அந்த வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

வேலையைப் பற்றி: ஒரு வார மருத்துவ விடுப்பில் வேலை போவதை நான் அதிகம் பார்த்ததில்லை, பாத்ரூமில் நடந்தது வேலையிடத்தில் நடந்து வேலை போனதைப் பார்த்திருக்கிறேன். மானம் போகும் என்கிறீர்கள். காலையில் நடுங்கும் உங்கள் கையைக் கூட வேலை செய்கிறவர்கள் பார்த்திருப்பார்கள் நண்பரே. நீங்கள் சிகிச்சைக்குப் போனது தெரிந்தால் அவர்களில் சிலருக்காவது நிம்மதியாக இருக்கும்.

உங்கள் மனைவிக்கும் இரண்டு வார்த்தை. அம்மா, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற எந்த மருந்தும் வேண்டாம். அப்படிக் கலப்பது டைசல்ஃபிராமாக (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்து அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அட்மிட் ஆவதற்குள் மறுபடி ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், முழுதும் தெளிந்துவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவர் தாறுமாறாகப் பேசினாலும், இல்லாததைப் பார்த்தாலும், காய்ச்சலோடு குழம்பினாலும் அதேதான், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு வருடமாக நீங்கள் கை கால் இழுத்தது என்றீர்கள், வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. நீங்கள் பார்த்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நண்பரே, நாளை அல்லது நாளை மறுநாளே மனநல மருத்துவர் இருக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அதுவரை வழக்கமான அளவைத் திடீரென்று வெட்ட வேண்டாம், கூட்டவும் வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம், தனியாகக் குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போட வேண்டாம். போகும்போது ஒரு தாளில் தினம் எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, என்னென்ன மாத்திரை எடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள், அங்கே பதற்றத்தில் பாதி மறந்துவிடும். அந்தத் தாளில் முதல் வரியாகப் பாத்ரூமில் விழுந்ததை எழுதுங்கள், உங்கள் மனைவி சொல்லச் சொல்ல, அவர் பார்த்தபடியே.